நனைந்த புத்தகத்தை மீட்டுக் கொடுத்த ஓட்டேரி பைண்டிங் கடை

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னைப் பட்டாளம் பகுதியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. பீரோவின் அடித்தட்டில் இருந்த அப்பாவின் புத்தகங்கள் மூன்று நாள் அதில் ஊறின. மற்றவை போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் விட முடியவில்லை. பழைய மூர் மார்க்கெட்டில், அது 1985இல் எரிவதற்குப் பல வருஷம் முன்பு, அப்பா பேரம் பேசி வாங்கிய இங்கிலீஷ் புத்தகம். கீர் ஹார்டி என்ற ஸ்காட்லாந்துத் தொழிலாளர் தலைவரின் வாழ்க்கை வரலாறு. அப்பா பின்னி மில்லில் நெசவு ஷெட்டில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, அந்தப் புத்தகத்தைப் படித்தார். நான் ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

அதைச் சரிசெய்து கொடுத்த கடையைப் பற்றித்தான் இது. பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டிலிருந்து ஓட்டேரி பக்கம் உள்ளே போகும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கு அடுத்த ஷட்டர். போர்டு கிடையாது. வாசலில் மில்போர்டு அட்டைகள் சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

இதற்கு முன் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடையில் கையில்கூட வாங்கவில்லை, குப்பையில் போடுங்கள் என்றார்கள். இன்னொன்றில் தேறுகிற பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுத் தருகிறேன் என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. புத்தகம் அந்த நிலையில்தான் இருந்தது. அட்டை உப்பிப் பிரிந்துவிட்டது, முதல் சில தாள்கள் இல்லை, பக்க எண் இருந்த கீழ் விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்குக் கூழாகிவிட்டது.

பாய் மட்டும் வாங்கி, மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு முதுகைத் தடவினார். “இதை யாரோ ஏற்கெனவே ஒரு தடவை கெடுத்திருக்காங்கம்மா” என்றார். உண்மைதான். பல வருஷம் முன்பு அப்பா எங்கேயோ கொடுத்து பைண்டிங் செய்து வாங்கியிருந்தார். அவர்கள் முதுகைச் சீவிவிட்டு, ஓரத்தில் கம்பி வைத்து சைடு தையல் அடித்துவிட்டார்கள். பதினாறு பக்கம் சேர்ந்த பாரம் பாரமாக நடுவில் தைத்திருந்த புத்தகம், அதனால் ஒற்றை ஒற்றைத் தாளாகிவிட்டது. இப்போது கம்பி துருப்பிடித்து விட்டுப்போனதும் அத்தனையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துவிட்டன. ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு தாள்.

“தைக்கிறது என் வேலை. வரிசை நீங்கதான் சொல்லணும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது” என்றார்.

ஆகவே மூன்று சனிக்கிழமை அந்தக் கடையின் தரையில் உட்கார்ந்து, ஒரு மனிதனின் வாழ்க்கையை வரிசைப்படுத்தினேன். பக்க எண் இல்லாமல் ஒரு வாழ்க்கை வரலாற்றை அடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தாளையும் படித்தே ஆகவேண்டும். அப்பா முப்பது வருஷம் சொல்லியும் படிக்காத புத்தகத்தை இப்படித்தான் படித்தேன்.

பிறப்பைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. 1856 ஆகஸ்ட் 15, லேனர்க்ஷயர் நிலக்கரிப் பகுதியில், கிளாஸ்கோவுக்குக் கிழக்கே. தேதியைச் சுற்றி அப்பா பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் மில்லில் கொடுத்த மிட்டாயை எங்களுக்குப் பங்கு வைக்கும்போது “இன்னைக்கு இன்னொருத்தருக்கும் பிறந்த நாள்” என்பார். அரவிந்தரைச் சொல்கிறார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

தாய் மேரி கீர், பண்ணை வீட்டில் வேலை செய்தவர். கல்யாணம் ஆகாமல் பெற்ற பிள்ளை. பிறகு அவர் மணந்துகொண்ட கப்பல் தச்சர் டேவிட் ஹார்டியின் பெயர் பையனுக்கும் வந்தது. பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது, தாய்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அடுத்த தாளில் ஒரு ரொட்டிக்கடை வந்தது. கப்பல் கட்டும் துறைகளில் கதவடைப்பு. டேவிட்டுக்கு வேலையில்லை. தாய் மாதமாக இருக்கிறார். தம்பி காய்ச்சலில் சாகக் கிடக்கிறான். வீட்டில் சம்பாதிப்பது பத்து வயதுப் பையன் ஒருவன்தான், வாரத்துக்கு மூன்றரை ஷில்லிங். ராத்திரியெல்லாம் தம்பிக்குப் பக்கத்தில் விழித்திருந்து காலையில் தாமதமாகப் போகிறான். முதலாளி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் அவனை நிறுத்தி, வேலையை விட்டு அனுப்புகிறார், அந்த வாரக் கூலியையும் பிடித்துக்கொள்கிறார். மிகுந்த பக்திமான் என்று ஊரில் பேர் வாங்கியவர் அவர்.

இந்தத் தாளை பாய்க்குத் தமிழில் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் “பையன் என்ன ஆனான்?” என்றுதான் ஆரம்பிப்பார்.

பையன் சுரங்கத்துக்குள் போனான். காற்றுக்கதவைத் திறந்து மூடுகிற வேலை. சுரங்கத்தின் அடியில் இருப்பவர்களுக்குக் காற்று போக வேண்டுமென்றால், நிலக்கரி வண்டி வரும்போது மட்டும் அந்தக் கதவைத் திறந்து உடனே மூட வேண்டும். இருட்டில், தனியாக, நாளுக்குப் பத்து மணி நேரம். அங்கேயே வளர்ந்தான், குதிரை ஓட்டினான், இருபது வயதுக்குள் நிலக்கரி வெட்டுவதில் தேர்ந்தவனானான். இடையில் ஒரு கல் பலகையைத் தன் விளக்கின் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, அதில் ஊசியால் கீறிக் கீறி ஷார்ட்ஹேண்ட் பழகினான்.

இந்த இடத்தில் எனக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. நான் ரயில்வேயில் ஸ்டெனோவாக இருந்து ரிட்டையர் ஆனவள். எஸ்எஸ்எல்சி முடித்த மறு வாரமே அப்பா என்னைப் பெரம்பூரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் பிட்மன் ஷார்ட்ஹேண்ட் படிக்கச் சேர்த்தார். எங்கள் தெருவில் அன்றைக்கு எந்தப் பெண்ணும் அதைப் படிக்கவில்லை, அத்தை வீட்டில் கேலி செய்தார்கள். அப்பா ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் என் பெயரின் முதலெழுத்து இருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். பாயின் திறமை எங்கே தெரிந்தது என்றால், நான் செய்த ஒரு தப்பில்தான். சுரங்க விபத்து பற்றிய தாள் ஒன்றை இளமைக்காலத் தாள்களோடு சேர்த்து வைத்திருந்தேன். சுரங்கம் என்றதும் அங்கேதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பாய் அந்தத் தாள்கட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்தத் தாளை மட்டும் உருவினார். “இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லைம்மா. பூச்சி ஓட்டையைப் பாருங்க.” ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை தாளுக்குத் தாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும். கறையும் அப்படித்தான், பக்கத்துத் தாளில் அதே வடிவம் ஒரு நூல் அளவு சின்னதாக இருக்கும். இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாதவர், ஓட்டையையும் கறையையும் வைத்தே அந்தத் தாளைப் புத்தகத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். படித்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. அது 1894 ஜூன் 23, வேல்ஸில் கில்வனித் என்ற ஊரில் ஆல்பியன் சுரங்கம் வெடித்த செய்தி. 290 பேர் செத்தார்கள். ஹார்டி அப்போது பார்லிமென்ட் உறுப்பினர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது, பின்னால் எட்டாம் எட்வர்டு ஆனவர். குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் போடும் சபை, செத்தவர்களின் குடும்பங்களுக்கும் ஒரு வரி இரங்கல் சேர்க்கட்டும் என்று ஹார்டி கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் எழுந்து அரச குடும்பத்தையே விமர்சித்துப் பேசினார், சபை முழுக்கக் கூச்சல். மறு வருஷத் தேர்தலில் தோற்றார்.

தேர்தல்கள்தான் எனக்குப் பெரிய குழப்பம். முதலில் 1888, மிட் லேனர்க் இடைத்தேர்தல். லிபரல் கட்சிக்காரர்கள் அவரை விலகச் சொல்லி, வேறு ஒரு பாதுகாப்பான தொகுதியும் வருஷத்துக்கு 300 பவுனும் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் எம்பிக்களுக்குச் சம்பளமே கிடையாது, அது 1911இல்தான் வந்தது. சுரங்கக் கம்பெனிகள் எல்லாம் கறுப்புப் பட்டியலில் போட்டிருந்த மனிதர் அந்தப் பணத்தை வேண்டாம் என்றார். வாக்களித்த 7,381 பேரில் 617 பேர் அவருக்குப் போட்டார்கள். கடைசி இடம். அதே வருஷம் ஸ்காட்டிஷ் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்கள், செயலாளர் அவர். 1892இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் தெற்கில் ஜெயித்து, பட்டுத் தொப்பியும் நீளக் கோட்டும் போட்டவர்கள் நடுவில் முரட்டுக் கம்பளிச் சூட்டும் குல்லாவுமாக உள்ளே போனார். 1900 பிப்ரவரியில் லண்டனில் தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்டுகளும் கூடித் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தார்கள். அந்த வருஷத் தேர்தலில் அதற்குக் கிடைத்தது இரண்டே இடம். ஒன்று ஹார்டியுடையது, வேல்ஸின் மெர்தர் டிட்வில். 1906இல் அதுவே 29 ஆயிற்று, லேபர் கட்சி என்று பெயர் வந்தது, அவர் முதல் தலைவர்.

இரண்டு எப்படி 29 ஆனது? பதில் இருந்த தாளில்தான் அப்பாவின் பென்சில் மிக அழுத்தமாக ஓடியிருந்தது. ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தார்: “நம்ம கேஸ்”.

வேல்ஸில் டாஃப் வேல் என்று ஒரு ரயில்வே கம்பெனி. 1900இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி சங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. 1901இல் அந்த நாட்டின் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை, வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டத்துக்குச் சங்கத்தின் நிதியே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு 23,000 பவுன். செலவும் சேர்ந்து அதைவிடப் பெரிய தொகை. இனிமேல் எந்தச் சங்கமும் வேலைநிறுத்தம் செய்தால் கஜானா காலி. அதுவரை அரசியல் நமக்கெதற்கு என்று ஒதுங்கியிருந்த சங்கங்கள் எல்லாம் ஹார்டியின் குழுவோடு சேர்ந்தது அதற்குப் பிறகுதான். 1906இல் வந்த புதிய பார்லிமென்ட் அந்தத் தீர்ப்பைச் சட்டம் போட்டு மாற்றியது.

நம்ம கேஸ் எது என்று பெரம்பூர், புளியந்தோப்பு ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இளையவர்களுக்குச் சொல்கிறேன். 1918 ஏப்ரல் 27 அன்று பி அண்ட் சி மில் (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக், அதாவது பின்னி மில்) தொழிலாளர்களுக்காகப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் செயலாளர்கள். 1920இல் தகராறு முற்றியபோது கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய், வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையுத்தரவு வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. சங்கம் நடத்துவதே சட்டப்படிக் குற்றம் போல ஆகிவிட்டது. அந்த வழக்குக்குப் பிறகு, தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் சட்டம் வந்தது. வேல்ஸ் ரயில்வேக்காரர்களுக்கு நடந்தது இருபது வருஷம் கழித்து நம் தெருவில் நடந்தது. மில்லில் நின்றுகொண்டே வேலை செய்த ஒருவர், டிக்ஷனரியைப் புரட்டி இந்த இரண்டையும் தானாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். எனக்கு யாரும் இதைப் பாடத்தில் சொல்லித்தரவில்லை.

அப்பா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு படிக்கவும் இல்லை. 1887 வாக்கில் அயர்ஷயரில் இரும்பாலை வேலைக்கு வந்த லிதுவேனியா, போலந்து ஆட்களுக்கு எதிராக ஹார்டி கடுமையாக எழுதினார், கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று. அந்த இடத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறார். எனக்கும் அங்கே மனசு நின்றுவிட்டது. பாயிடம் அட்டை வெட்டுகிற பையன் பீகார்க்காரன், வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் வெட்டிக்கொடுத்த அட்டைதான் இந்தப் புத்தகத்தின் மேல் இருக்கிறது. அதே ஹார்டி 1908இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், வெள்ளையர் அல்லாத தொழிலாளிக்கும் அதே உரிமை என்று பேசி, கூட்டம் திரண்டு அடிக்க வரும் அளவுக்கு எதிர்ப்பைச் சந்தித்தார். இருபது வருஷத்தில் மனிதர் எவ்வளவோ தூரம் வந்திருக்கிறார்.

அதே உலகப் பயணத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு முன்னால், இந்தியாவுக்கும் வந்தார், 1907இல். வங்காளத்தில் சுற்றினார், புனேயில் திலகரைச் சந்தித்தார். கனடாவைப் போல இந்தியாவும் தன்னைத் தானே ஆள வேண்டும் என்றார். லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. மறு வருஷம் பிப்ரவரியில்தான் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்தினார்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பாய் தாள்களை நியூஸ்பேப்பருக்கு நடுவில் வைத்து நாலு நாள் ஃபேன் காற்றில் உலர்த்தினார். வெயிலில் வைக்கவே இல்லை, மொறுமொறுவென்று ஆகிவிடுமாம். ஒற்றைத் தாள்களை இரண்டிரண்டாக முதுகுப் பக்கம் மெல்லிய டிஷ்யூ தாளால் ஒட்டி, மறுபடி பாரமாக்கி, மடிப்பின் நடுவில் கையால் தைத்தார். மைதாப் பசை அவரே காய்ச்சுகிறார், பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுகிறார். இதனால் புத்தகம் மேசையில் வைத்தால் தானாக விரிந்து நிற்கிறது. பழைய சைடு தையலில் கையால் அமுக்கிப் பிடித்தால்தான் படிக்க முடியும். கூழாகிப்போன கீழ் விளிம்புக்கு வேறு தாள் ஒட்டி அளவு சேர்த்திருக்கிறார். மேலே கருநீலக் காலிகோ துணி, மூலைகளில் ரெக்சின்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. எல்லாம் தைத்த பிறகு, மூன்று பக்கமும் சீவி விளிம்பை நேராக்குவது வழக்கம். கட்டிங் மெஷினில் வைக்கும் முன்னால் போன் செய்தார். “ஓரத்துல பென்சில் எழுத்து இருக்கும்மா, சீவினா போயிடும். சீவட்டுமா?” சீவ வேண்டாம் என்றேன். விளிம்பு கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருக்கிறது. அப்பாவின் எழுத்து முழுசாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்று சொன்னது ஐந்து வாரம் ஆயிற்று. போன் செய்தால் பாதி நேரம் எடுக்க மாட்டார். முதுகில் பொன் எழுத்தில் “கீர் ஹார்டி” என்று அடிக்கச் சொன்னேன், அது லேசாகச் சாய்ந்திருக்கிறது. துத்தம் கலந்த பசை வாடை இரண்டு மாதம் ஆகியும் முழுசாகப் போகவில்லை. ஜிபே கிடையாது, ரொக்கம்தான். மொத்தம் 1,400 ரூபாய் வாங்கினார், 500 அட்வான்ஸ். சாதாரணப் பள்ளிப் புத்தகம், கணக்கு நோட்டு பைண்டிங்குக்கு இது அதிகமாகத் தெரியலாம். தாள் தாளாக ஒட்டிய வேலைக்கு நான் இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன். அவசர வேலை என்றால் இவரிடம் போகாதீர்கள், காலேஜ் பிராஜெக்ட் பைண்டிங்குக்கு வேறு கடைகள் இருக்கின்றன.

கடைசி விஷயம். புத்தகத்தின் முடிவுத் தாள்கள் கிடைக்கவே இல்லை, தண்ணீரோடு போய்விட்டன. இருப்பதில் கடைசித் தாள் 1914 ஆகஸ்ட். போர் தொடங்கிவிட்டது. எல்லா நாட்டுத் தொழிலாளர்களும் சேர்ந்து வேலையை நிறுத்திப் போரைத் தடுக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவர், தன் சொந்தத் தொகுதியில், ஆபர்டேரில் பேச எழுந்து நிற்கிறார். கூட்டம் அவரைப் பேச விடாமல் கத்துகிறது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். அந்தத் தாள் பாதி வாக்கியத்தில் முடிகிறது.

பாய் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ பின்னாடி எத்தனை வெள்ளைத் தாள் வைக்கட்டும்?” என்றார். நாலு போதும் என்றேன். எட்டு வைத்திருக்கிறார், அதற்குக் காசு வாங்கவில்லை. கன்னிமாரா நூலகத்தில் பார்த்து, முதல் வெள்ளைத் தாளில் நானே எழுதினேன். பக்கவாதம் வந்து நொடித்து, பிறகு நிமோனியாவில், 1915 செப்டம்பர் 26, கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் இறந்தார், வயது 59. அந்த இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் போரை ஆதரித்தவர் ஜெயித்தார். தமிழில் ஒரு தடவை எழுதி, கீழே ஷார்ட்ஹேண்டில் ஒரு தடவை எழுதினேன்.

போகிறவர்கள் காலை பதினொன்றுக்கு மேல் போங்கள், வெள்ளிக்கிழமை மதியம் இருக்க மாட்டார். நனைந்த புத்தகத்தை வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்க்காமல், ஒட்டிய தாள்களைப் பிரிக்காமல், அப்படியே துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.